ருகையாவின் உம்மா பெயர்

13 ஜனவரி 2018, சனிக்கிழமை

இந்த டைரியை நகைக்கடைக்காரர் எனக்கென்றே தனியாக அச்சடித்துக் கொடுத்தனுப்பினார். கீழக்கரையில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க, எனக்கு. கொலுசு மாற்றப் போன இடத்தில் சும்மா கொடுத்தது என்கிறாள் என் தங்கை மகள் ஆரிபா. அடுத்த வீட்டில் இருக்கிறாள், ஆனால் அவளுக்கு உள்விவகாரம் தெரியாது. “வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு மாமா. மிச்சத்தை இதுல எழுதுங்க” என்று வைத்துவிட்டுப் போனாள்.

எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. இப்போதைய காலேஜுக்கு இரண்டு படி மேலே.

என் பெயர் சீனி அசனா. வயது எழுபத்தொன்று. என் பொஞ்சாதி ருகையா வியாழக்கிழமை மவுத்தாகிவிட்டாள். அதிலும் எப்படிப்பட்ட மவுத்து! சூரியன் மறைந்து மஃரிபு பாங்கு சொல்ல ஆரம்பித்த நேரம். முதல் ‘அல்லாஹு அக்பர்’ முடியவில்லை, கலிமாவைச் சொன்னாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், போய்விட்டாள். நம் கணக்கில் வியாழன் மஃரிபிலேயே வெள்ளி இரவு தொடங்கிவிடும். வெள்ளி இரவில் போகிறவர்களுக்குக் கபுறில் கேள்வி, சோதனை எதுவும் கிடையாது என்று ஆலிம்கள் சொல்வார்கள். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டு மாஷா அல்லாஹ் என்றார்கள்.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம். ஜனாஸாத் தொழுகையில் இரண்டாயிரம் பேர். மண்ணைத் தள்ளி முடித்ததும் ஆலிம்சா கபுறின் பக்கத்தில் உட்கார்ந்து தல்கீன் ஓதினார். முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகள் உள்ளே வந்து உன் ரப்பு யார், உன் நபி யார், உன் தீன் எது என்று கேட்பார்கள் அல்லவா, அதற்கான பதிலை வெளியே இருந்து மையித்துக்கு நினைவுபடுத்துவது. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு ஜன்னல் வழியாகச் சொல்லிக் கொடுப்பது மாதிரி. மையித்தை அதன் உம்மா பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். இந்த ஆலிம்சா ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, காயல்பட்டினத்துக்காரர். என் பக்கம் திரும்பி, “உம்மா பேரு?” என்றார். கணீரென்று சொன்னேன். கடைசி ஆள்வரை கேட்டிருக்கும்.

பிறகு ஆலிம்சா எல்லோருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். நாம் திரும்பிப் போகிற செருப்புச் சத்தம் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்குமாம்.

என் செருப்பைப் பற்றி ஊருக்கே தெரியும். தம்மாமில் ஷேக்கு தன் காலிலிருந்து கழற்றி என் காலில் மாட்டிவிட்ட தோல் செருப்பு. முப்பது வருஷமாகக் கிரீச் கிரீச்சென்று கத்துகிறது. தெருமுனையில் அது கேட்டதும் ருகையா தேயிலைத்தண்ணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் என் வீட்டுக் கதவைத் தட்டியதே இல்லை.

நேற்றும் அதைத்தான் போட்டிருந்தேன். மையவாடியிலிருந்து எல்லோருக்கும் முன்னால் நான் வந்துவிட்டேன். வெயில் கடுமை.

14 ஜனவரி, ஞாயிறு

மூன்றாம் நாள் ஃபாத்திஹா. நெய்ச்சோறு, கறி ஆணம். ஆரிபாவின் மாப்பிள்ளை நஸ்ருதீன் ஆலிம்சா முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு இந்த மாதிரி சடங்குகள் பிடிக்காது.

“மாமா, தல்கீனுக்கு ஆதாரம் பலவீனம். உள்ள போனவங்களுக்கு அவங்க செஞ்ச அமல், நல்லது கெட்டதுதான் பேசும். நாம வெளிய நின்னு கத்தி என்ன?”

“எனக்கு முட்டிகூடத்தான் பலவீனம். அதுக்காக வெட்டிப் போட்டுட்டேனா?”

ஆலிம்சா சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். பிறகு உடலை விட்டுப் போகிற ரூஹுகளைப் பற்றிச் சொன்னார். நல்ல ரூஹு மேலே போனதும், முன்னால் போன சொந்தக்காரர்களின் ரூஹெல்லாம் வந்து சூழ்ந்துகொள்ளுமாம். “வெளிநாட்டுலேர்ந்து வந்த ஆளை நம்ம ஊர்ல சூழ்ந்துக்குவோமே, அந்த மாதிரி. இன்னார் எப்படி இருக்கார், அன்னார் எப்படி இருக்கார்னு கேட்டுத் துளைக்குமாம். அப்புறம் ஒண்ணு சொல்லுமாம், விடுங்க, துன்யா சிரமத்துலேர்ந்து இப்பத்தான் வந்திருக்காங்க, கொஞ்சம் இளைப்பாறட்டும்னு.”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஆரிபா குரல் கொடுத்தாள். “அப்ப மாமி அவங்க உம்மாவைப் பாத்திருப்பாங்க இல்லையா ஆலிம்சா? பாவம், இங்க முகமே பாத்ததில்ல. மாமி பொறந்த பத்தாம் நாளே அவங்க மவுத்து. போய்ப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

“இன்ஷா அல்லாஹ், பாத்திருப்பாங்கம்மா.”

எல்லோரும் ஆமீன் என்றார்கள். நான் பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டேன். அரிசி சரியில்லை.

15 ஜனவரி, திங்கள்

தெருமுனையிலிருந்து வீடுவரை இரண்டு முறை நடந்து பார்த்தேன். செருப்பு நன்றாகத்தான் கத்துகிறது.

17 ஜனவரி, புதன்

ருகையாவின் அலமாரியைத் திறந்தேன். எட்டு சேலை, இரண்டு வெள்ளைத் துப்பட்டி, ஓதுகிற யாசீன் கிதாபு. கிதாபுக்குள் நாலாக மடித்த சீட்டு ஒன்று. ஓரமெல்லாம் நைந்து துணி மாதிரி ஆகியிருந்தது. அறபு எழுத்து. ஏதோ பிரயாண துஆ. கடகடவென்று வாசித்துவிட்டு மடித்து உள்ளேயே வைத்தேன். ஏழு வருஷம் சவுதியில் இருந்தவனுக்கு அறபு என்ன பெரிய விஷயமா.

தேயிலைத்தண்ணி நானே போட்டேன். பிரமாதம். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

20 ஜனவரி, சனி

ராமநாதபுரத்திலிருந்து துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். மஃரிபு பாங்கு விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை அறையில் அத்தர் வாசனை வந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர்கள் போனபிறகு ஆரிபா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டுமா. மாமி வாயில கடைசித் தண்ணி விட்டது நான்.”

“ஆமா.”

“அப்ப பால்காரரே வரல. அசரு பாங்குகூட அதுக்கப்புறம்தான் சொன்னாங்க.”

“நம்ம வீட்டுக் கடிகாரம் மெதுவா ஓடும்.”

“வெயில் முத்தத்துல விழுந்துக்கிட்டிருந்துச்சு மாமா. வெயிலுமா மெதுவா ஓடும்?”

“பிள்ளைத்தாச்சி மாதிரி மூஞ்சை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் நோண்டாதே. போய் உன் வேலையைப் பாரு.”

பாவம், அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பிள்ளை இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்களுக்கும் இல்லை. ருகையா இருந்திருந்தால் என் தோளைக் கிள்ளியிருப்பாள்.

மூன்றரை மணி இருக்கும். வியாழன் அசருக்கு முன்னால். வெள்ளி இரவு தொடங்க இரண்டரை மணிக்கு மேல் பாக்கி இருந்தது. அந்த இரண்டரை மணியை நான் அவளுக்குக் கொடுத்தேன். வேறு என்ன கொடுத்தேன் அவளுக்கு?

ஆனால் அப்படியென்றால் கேள்வி உண்டு. அப்படியென்றால் தல்கீன் வேண்டும்.

23 ஜனவரி, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இதை வாசிக்க யாரும் வரப்போவதில்லை.

அன்று ஆலிம்சா “உம்மா பேரு?” என்று கேட்டபோது நான் சொன்னது பாத்துமுத்து. அவர் “யா ருகையா பின்த் பாத்துமுத்து”, பாத்துமுத்து மகள் ருகையாவே, என்று மூன்று முறை கூப்பிட்டார். பாத்துமுத்து ருகையாவின் உம்மா இல்லை. என் உம்மா.

நூறு அடக்கத்துக்குப் போனவன் நான். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கபுறுக்குள் அவளை இறக்கும்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை. மறந்துபோயிருந்தால் பரவாயில்லை, எனக்குத் தெரிந்ததே இல்லை. நாற்பத்துமூன்று வருஷக் குடித்தனம். ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னூறு பேர் நிற்கிறார்கள் (ஆமாம், முன்னூறுதான், ஜும்ஆவுக்கு வந்த கூட்டம்). சீனி அசனா எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொன்னதை இந்த ஊர் கேட்டதில்லை. வாய் முந்திக்கொண்டது. பாத்துமுத்து இல்லாத வீடு கீழக்கரையில் ஏது? யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் சொல்ல வந்திருக்கிறாள். “எங்க உம்மா இருந்தாங்கல்ல...” என்று தொடங்குவாள். நான் உடனே, “உம்மான்னா எங்க உம்மா மாதிரி வராது” என்று பிடித்துக்கொள்வேன். எங்கள் உம்மா வைத்த மீன் ஆணத்தின் வாசனைக்குக் கப்பல் நின்ற கதை, எங்கள் உம்மாவைப் பார்க்க மதுரையிலிருந்து டாக்டர் வந்த கதை. ருகையா முகத்தைத் தாங்கிக்கொண்டு கேட்பாள். “அப்படியாங்க?” என்பாள். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே உம்மா போய்விட்டாள். பார்க்காத மாமியாரைப் பற்றி ருகையாவுக்கு எல்லாம் தெரியும்.

இப்போது மேலே என்ன நடந்திருக்கும்? ‘பாத்துமுத்து மகள் வந்தாச்சு’ என்று சத்தம் கொடுத்திருப்பார்கள். என் உம்மா துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கு ஏது இப்படி ஒரு மக?” என்று ஓடி வந்திருப்பாள். அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்பாள். பத்து நாள் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள். அறுபத்துமூன்று வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள். அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

24 ஜனவரி, புதன்

மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஆலிம்சாவைப் பிடித்தேன்.

“தம்மாம்ல என்கூட ஒரு மலையாளி இருந்தான் ஆலிம்சா.”

“பேரு?”

“பேரு... குஞ்ஞாலி. அவன் பொஞ்சாதி மவுத்து. தல்கீன்ல உம்மா பேரைக் கேட்டப்ப மாத்திச் சொல்லிட்டான்.”

“ஏன்?”

“தெரியல அவனுக்கு.”

“தெரியலைன்னா ஹவ்வா மகளேன்னு கூப்பிட்டுட்டுப் போயிருக்கலாமே. மனுஷங்க எல்லாருக்கும் முதல் உம்மா அவங்கதானே. தெரியாதவங்களுக்குன்னு அந்த வழியை வச்சிருக்கு. கபுறு முன்னாடி நின்னு பொய் சொல்ற அளவுக்குக் குஞ்ஞாலிக்கு என்ன வந்துச்சு?”

“அவன் அப்படித்தான். கொஞ்சம் அளப்பான்.”

“அப்ப அந்த அம்மாவோட உண்மையான உம்மா பேரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அதுதான் அவர் மனசுக்கு மருந்து” என்றார். என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

27 ஜனவரி, சனி

பெரியபட்டினம் போனேன். ருகையா பிறந்த ஊர். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தான். (உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போனேன்.)

ருகையாவின் தம்பி சம்சுதீன், வாப்பாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. சர்க்கரையில் கால் புண்ணாகி எட்டு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறான். அதனால்தான் அடக்கத்துக்கு வரவில்லை. அழுதான், நானும் அழுதேன். பிறகு மெல்லக் கேட்டேன்.

“பெத்த உம்மா பேரா? எனக்குத் தெரியாது மச்சான். எங்க உம்மாவைத்தான் ருகையா லாத்தாவும் உம்மான்னு கூப்பிட்டாங்க. அந்தப் பேரைச் சொன்னா எங்க உம்மாவுக்குப் பிடிக்காது. வாப்பா அதனால சொல்றதே இல்ல. பெரியவங்க யாரும் இப்ப உசிரோட இல்லையே.”

“கபுறு?”

“கடற்கரைப் பக்கம் பழைய மையவாடியில. தலைமாட்டு மீஸான் கல்லெல்லாம் ஒண்ணும் இல்ல, வெறும் மணல். லாத்தாவுக்குத்தான் இடம் தெரியும். பேரும் லாத்தாவுக்குத்தான் தெரியும்.” தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். “நீங்க கேட்டதே இல்லையா மச்சான்?”

“கேட்டிருக்கேன். வயசாச்சுல்ல, மறந்துபோச்சு.”

பழைய மையவாடிக்குப் போனேன். மேடும் பள்ளமுமாக மணல், எருக்கஞ்செடி. எந்த மேடு என்று தெரியாமல் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

1 பிப்ரவரி, வியாழன்

காலையில் ஆரிபா கிண்ணத்தில் வட்டலாப்பம் கொண்டுவந்தாள். நான் சொன்ன வார்த்தைக்குப் பிறகு பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

“இன்னிக்கு ஜமாதுல் அவ்வல் மாசம் பிறை பதினாலு. மாமி வருஷா வருஷம் இதைச் செஞ்சு வச்சு ஓதுவாங்கல்ல மாமா. விட மனசு வரல.”

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சரியாகச் சேர்ந்து, ஏலக்காய் மணக்க, மேலே முந்திரி. ஒரு வருஷம் ஏழு துண்டு தின்றேன். இன்னொரு வருஷம் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டேன்.

“யாருக்கு ஓதுவா?”

“என்ன மாமா எங்கிட்ட கேக்குறீங்க? அவங்க உம்மா மவுத்தான நாள்னு நினைக்கிறேன். யாசீன் கிதாபுக்குள்ள ஒரு சீட்டு வச்சிருப்பாங்க. ஓதி முடிச்சுட்டு, அதைப் பாத்து ஒவ்வொரு பேராச் சொல்லி, இந்த நன்மை இவங்களுக்குச் சேரட்டும்னு துஆ செய்வாங்க. அறபுத்தமிழ்ல எழுதியிருக்கும். எனக்கு அது ஓடாது. உங்களுக்குத்தான் அறபு தண்ணி பட்ட பாடாச்சே, எடுத்துப் பாருங்களேன்.”

எடுத்துப் பார்த்தேன். ஆரிபா போனபிறகு, கதவைச் சாத்திவிட்டு.

இந்த வீட்டில், நான் வட்டலாப்பம் தின்றுகொண்டிருக்கும்போதே, அடுத்த அறையில் வருஷா வருஷம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இப்போது அது என் கையில் இருக்கிறது. தமிழைத்தான் அறபு எழுத்தில் எழுதியிருக்கிறாள், அந்தக் காலத்துப் பெண்கள் எழுதுவது போல. எனக்கு வாசிக்கத் தெரியாது. அன்று பிரயாண துஆ என்று எழுதியது சும்மா. ஓதுகிற பள்ளியிலிருந்து ஏழு வயதில் ஓடிவந்தவன் நான். தம்மாமில் கற்றுக்கொண்டது யல்லா, மாஃபி, மோயா. வா, இல்லை, தண்ணீர். இதை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டினேன். ருகையா இதே எழுத்தில் அங்கே எனக்கு எழுதிய கடிதங்களைக்கூட ஒரு காயல்பட்டினத்துக்காரர்தான் வாசித்துச் சொல்வார். கூச்சப்பட்டு அவர் விட்டுவிட்ட வரிகள் எத்தனையோ.

3 பிப்ரவரி, சனி

ஆலிம்சாவிடம் காட்டலாம் என்று போனேன். அவர் ஊரில் இல்லை.

5 பிப்ரவரி, திங்கள்

ஊரில்தான் இருந்தாராம். என்னைப் பார்த்துக் கையைக்கூட அசைத்தாராம்.

9 பிப்ரவரி, வெள்ளி

அசருக்குப் பிறகு பள்ளி மதரசா அறைக்குப் போனேன். ஆலிம்சா தனியாக இருந்தார். சீட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“இதை வாசிச்சுச் சொல்லணும்.”

“உங்களுக்குத்தான் அறபு...”

“தெரியாது.”

அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததும் எனக்கே விசித்திரமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

“இன்னொண்ணும் சொல்லணும் ஆலிம்சா. அந்தக் குஞ்ஞாலி...”

“குஞ்ஞாலி இப்ப என் முன்னாடிதான் உக்காந்திருக்கார். அன்னிக்கே தெரியும் மாமா.” சீட்டை மெதுவாக, கிழிந்துவிடாமல் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “முதல் பேரு, மாமி பாத்துமுத்து.”

“என் உம்மா.”

“உங்க உம்மாவையா முதல்ல எழுதியிருக்காங்க? அடுத்தது மாமா முகம்மது சாலிகு.”

“என் வாப்பா.”

“வாப்பா காசிம். இது அவங்க வாப்பா. அப்புறம்...” கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். “என்னைப் பெத்த உம்மா, முத்து ஜுலைகா.”

நான் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். முத்து ஜுலைகா.

“வளத்த உம்மா மீரா பீவி. அதுக்குக் கீழ ஒரு பேரு இருக்கு.” நிறுத்தினார். “இது மேல கோடு போட்டு அடிச்சிருக்கு.”

“யாரு?”

“சீனி அசனா.”

அவள் என் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ‘இவங்க’ என்பாள், ‘உங்க மாமா’ என்பாள். நான் இல்லாதபோதும் அப்படித்தானாம்.

“பக்கத்துல சின்னதா எழுதியிருக்கு” என்றார் ஆலிம்சா. “அல்ஹம்துலில்லாஹ், கடுதாசி வந்துச்சுன்னு.”

பிறகு நான் கேட்டேன், என் பொய்யால் அவளுக்கு உள்ளே ஏதாவது ஆகியிருக்குமா, அவள் உம்மா வந்திருப்பாளா மாட்டாளா என்று.

“மாமா, அல்லாஹ்வுக்கு என் வாயில வந்த பேரை வச்சுத்தான் ஆளை அடையாளம் தெரியணுமா? அந்தத் தாயையும் மகளையும் படைச்சவன் அவன். இத்தனை வருஷமா ஓதி அனுப்பினதே அவங்களைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கும். நல்லதையே நினைங்க.” சீட்டை மடித்து என் கையில் வைத்து மூடினார். “ஆனா நீங்க போய்ச் சொல்லுங்க. கபுறுல சலாம் சொன்னா அவங்களுக்குக் கேக்கும், பதிலும் சொல்லுவாங்கன்னு இருக்கு. நமக்குத்தான் கேக்காது.”

10 பிப்ரவரி, சனி

ஆரிபாவிடம் போய், நான் சொன்னது தப்பு என்றேன். “எதை மாமா?” என்றாள். எல்லாவற்றையும் என்றேன். மஃரிபையும் சேர்த்து. அவள் உள்ளே போய்த் தேயிலைத்தண்ணி கொண்டுவந்தாள். முழுதாகக் குடித்தேன்.

ருகையா என்னை மவுத்துப் பட்டியலில் எழுதியது எந்த வருஷம் என்று எனக்குத் தெரியும். எண்பத்தாறு. பதினாலு மாதம் என்னிடமிருந்து கடிதம் இல்லை. ஊருக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன், ஷேக்கு என்னைப் பாலைவனத்து அரண்மனைக்கு விருந்தாளியாகக் கூட்டிப்போய்விட்டார், அங்கே தபால் பெட்டி கிடையாது என்று. ஒட்டகப் பால், நூறு விளக்கு, தங்கத் தட்டு. “அப்படியாங்க?” என்றாள்.

ஷேக்கு என்று யாரும் இல்லை. கம்பெனி மூடிவிட்டது. ஊரில் சொல்லிக்கொண்டது மாதிரி நான் அங்கே சமையல்காரனும் இல்லை, சட்டி கழுவுகிறவன். பாதி கட்டி நின்ற ஒரு கட்டடத்தில் படுத்துக்கிடந்தேன். பள்ளிவாசலில் கொடுக்கிற ரொட்டியைத் தின்றேன். எழுத என்ன இருந்தது? பொய் எழுத அப்போது தெம்பில்லை. உண்மை எழுத வெட்கம். அங்கே நான் வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்த நாளெல்லாம் இங்கே ஒருத்தி, நான் செத்துப்போனதாக நினைத்து எனக்கு யாசீன் ஓதியிருக்கிறாள். எனக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் நான் எப்படிப் பிழைத்தேன்?

செருப்பு ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கியது. ஊருக்கு வந்து இறங்கிய அன்று. சவுதியிலிருந்து வந்தவன் காலில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று. ருகையாவுக்கு அது தெரிந்திருக்கும். அடியில் கடை முத்திரை பெரிதாக இருந்தது. மாதாமாதம் எண்ணெய் போட்டுத் துடைத்தவள் அவள்.

20 பிப்ரவரி, செவ்வாய்

இன்று நாற்பது. காலையில் ஃபாத்திஹா. ஆலிம்சா துஆவில் “முத்து ஜுலைகா மகள் ருகையா” என்று நிறுத்திச் சொன்னார். நஸ்ருதீன்கூட ஆமீன் என்றான். துஆ செய்வதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லையாம்.

அசர் தொழுதுவிட்டு மையவாடிக்குப் போனேன். சிலர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். நான் கழற்றவில்லை. கபுறுகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் நன்றாக அழுத்தி மிதித்து நடந்தேன். கிரீச் கிரீச். தெருமுனையிலிருந்து வருகிற மாதிரி.

சலாம் சொன்னேன். பிறகு, “முத்து ஜுலைகா மகள் ருகையாவே” என்று மூன்று முறை கூப்பிட்டேன். கணீரென்று வரவில்லை, பரவாயில்லை. முதல் நாள் கூப்பிட்டது தப்பு, அது எங்க உம்மா பேரு, உன் உம்மா வெளியே காத்திருந்தால் கூப்பிட்டுக்கொள் என்று சொன்னேன். மஃரிபு இல்லை, மூன்றரை மணிதான் என்று சொன்னேன். அரண்மனை இல்லை, பாதிக் கட்டடம் என்று சொன்னேன். சீட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன், என் பெயரைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

“இப்ப நீ சொல்லு. உங்க உம்மா எப்படி இருக்காங்க? யாரு மாதிரி இருக்காங்க, உன்னை மாதிரியா?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாற்பத்துமூன்று வருஷத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மண் காய்ந்து வெளுத்திருந்தது. தலைமாட்டில் ஊன்றிய செடியில் புதிதாக இரண்டு இலை. நமக்குத்தான் கேட்காது என்று ஆலிம்சா சொல்லியிருக்கிறார். அதனால் அவள் பேசி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் பேசினாள் என்று நினைக்கிறேன். பாவம், அவ்வளவு சேர்த்து வைத்திருந்தாள்.

மஃரிபுக்கு நேரம் நெருங்கியது. எழுந்தேன். ஒரு அடி வைத்ததும் செருப்பு கத்தியது. அப்படியே நின்றுவிட்டேன். போகிறவர்களின் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். அடக்கத்தன்று எல்லோருக்கும் முன்னால் ஓடிய சத்தம் இதுதான். அவள் கேட்டிருப்பாள்.

குனிந்து இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மணல் இன்னும் சூடாக இருந்தது. மெல்ல, விரல் நுனியில் நடந்து வாசல்வரை வந்தேன். வெளியே வந்தும் போடவில்லை. தெருவில் பார்த்தவர்கள், “என்ன மாமா, செருப்பு கையில?” என்றார்கள். வார் அறுந்துபோச்சு என்றேன்.

இது ஒரு பொய்தான். செருப்பைக் கழற்றி ருகையாவிடம் சொல்லாமல் சொன்னதும் பொய்தான். ஆலிம்சாவிடம் இதைக் கேட்கப்போவதில்லை. நான் வந்தது அவளுக்குத் தெரியும். போனது தெரியாது. இன்னும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.